தோழியரை அழைக்கச் சொன்னவள்

உயிர் பிரியும் நேரத்தில் ஒரு பெண்ணின் தலைமாட்டில் நாட்டை ஆளும் கணவனே வந்து அமர்ந்திருக்கிறான். அவளோ தன் தோழியர் இருவரையும் அழைத்துவரச் சொல்கிறாள். ‘தி ரெட் ஸ்லீவ்’ என்னும் கொரிய வரலாற்றுத் தொடரின் இறுதிப் பகுதியாகிய 17ஆம் பகுதியில் வரும் இந்தக் காட்சியைப் பார்த்த எங்கள் வீட்டு இளையவர்கள் எல்லாரும் அரசனுக்காக உருகினார்கள். பதினேழு பகுதிகளாக அவளையே நினைத்துக் கிடந்தவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைசி மூச்சில் வேறு பெயர்களைச் சொல்லலாமா என்பது அவர்களுடைய ஆதங்கம். எனக்கு அந்த ஆதங்கம் எழவில்லை. அவள் கேட்டதுதான் அந்தத் தொடரிலேயே மிக உண்மையான வேண்டுகோள் என்று எனக்குப் பட்டது. ஏன் அப்படிப் பட்டது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தொடரை இன்னும் பார்க்காதவர்கள், முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாவிட்டால், பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

தென்கொரியாவின் எம்பிசி தொலைக்காட்சியில் 2021 நவம்பரில் தொடங்கிய இத்தொடர் 2022 ஜனவரி 1 அன்று நிறைவடைந்தது. முதலில் 16 பகுதிகளாகத் திட்டமிட்டிருந்ததை ஒன்று கூட்டி 17 ஆக்கினார்கள். கடைசி இரண்டையும் ஒரே இரவில் அடுத்தடுத்து ஒளிபரப்பினார்கள். கதைத்தலைவன் யி சான், கொரியாவை ஆண்ட ஜோசன் அரச மரபின் 22ஆம் மன்னரான ஜோங்ஜோ. 1776 முதல் 1800 வரை ஆண்டவர். அவருடைய பாட்டனார் யோங்ஜோ, பெற்ற மகனாகிய இளவரசர் சாதோவை 1762ஆம் ஆண்டுக் கோடையில் அரிசி கொட்டிவைக்கும் மரப்பெட்டிக்குள் அடைத்து வைக்க, எட்டாம் நாள் இளவரசரின் உயிர் போயிற்று. அப்போது யி சானுக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. தகப்பனைக் கொன்ற பாட்டனின் மனம் கோணாமல் வளர்ந்து, அவர் கையிலிருந்தே முடியைப் பெற வேண்டிய பிள்ளையின் கதை என்பதால், முன்பகுதிகளில் அரசியலும் சூழ்ச்சியும் நிறைய உண்டு. இறுதிப் பகுதிக்கு வரும்போது அவையெல்லாம் அடங்கிவிடுகின்றன. அரசன் அரசனாகவே இருக்கிறான். அவன் வீட்டுக்குள் நடப்பவை மட்டுமே எஞ்சுகின்றன.

கதைத்தலைவி சொங் தொக்-இம் அரண்மனைப் பணிப்பெண். சிறுமியாக உள்ளே வந்தவள், அழகாக எழுதக்கூடியவள், கூலிக்கு நூல்களைப் படியெடுப்பவள், தோழியருக்குக் கதை படித்துக் காட்டுபவள். சட்டைக் கையின் முனையில் சிவப்புப் பட்டை தைத்த உடையை அணிந்த இந்தப் பெண்கள் அனைவரும் அரசனுக்கு உரியவர்கள் என்பது அந்நாட்டு வழக்கம். அவன் ஏறெடுத்துப் பார்க்காவிட்டாலும் அவர்கள் வேறொருவரை மணக்க முடியாது. க்யோங்-ஹீ, போக்-யோன், யோங்-ஹீ, தொக்-இம் ஆகிய நால்வரும் ஒருவரையொருவர் விட்டுப் பிரியாத கூட்டாளிகள். அரசன் தன்னை விரும்புவது தெரிந்தும் தொக்-இம் நெடுங்காலம் இணங்காமல் இருக்கிறாள். அவளிடம் இருப்பதோ மிகச் சிறிய உரிமைகள்: தன் அறை, தன் எழுதுகோல், விடுப்பு நாளில் தோழியரோடு எங்கே போவது என்னும் முடிவு. அரசனின் துணைவி ஆனால் அவையும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். லீ சே-யோங் என்னும் நடிகை இதை ஒரு வீரவசனமும் இல்லாமல் காட்டுகிறார். துணைவியான பிறகு வரும் காட்சிகளில் அவர் நடை குறுகிவிடுகிறது. சிரிப்பு ஒரு நொடி தாமதமாக வருகிறது. முதல் பகுதிகளில் ஓட்டமும் நடையுமாக முற்றத்தைக் கடந்த அதே கால்கள்தாமா இவை என்று கேட்கத் தோன்றும்.

நான் இந்தப் பகுதியைச் செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் பாட்டியாகிய ஆயாவின் வீட்டில் வைத்துப் பார்த்தேன். எண்பதைக் கடந்த ஆயாவுக்குக் கொரியத் தொடர்கள்மீது பற்று ஏற்பட்டதற்குப் பேத்திமார்தாம் காரணம். திரையின் அடியில் வரும் மொழிபெயர்ப்பு எழுத்து வேகமாக ஓடிவிடுவதால் நான் வாய்விட்டுப் படிக்க, ஆயா திரையில் முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். துணைவியாகிவிட்ட தொக்-இம்மின் தலையில் அடுக்கிய பொய்க்கூந்தலைக் கண்டதும், “அது என்ன கனம் இருக்கும்?” என்று கேட்டார்கள். உண்மையான ஜோங்ஜோ மன்னர் 1788இல் அந்தப் பொய்க்கூந்தலை ஆணையிட்டுத் தடுத்தார் என்று நான் சொன்னபோது, கழுத்துரு என்னும் கனத்த தாலி பூட்டி மணவறையில் உட்கார்ந்தவளுக்குத்தான் அந்த ஆணையின் அருமை தெரியும் என்று சொல்லிச் சிரித்தார்கள். அந்தப் பகுதியில் சிரிக்கக் கிடைத்த இடம் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு அடி மேல் அடி. அரசனுக்கு உரிய பெண்ணாக இருந்துகொண்டு ஒரு காவலனைக் காதலித்த குற்றத்துக்காக யோங்-ஹீ உயிரிழக்கிறாள். சட்டம் அரசனுடையது, தோழி தொக்-இம்முடையவள். தட்டம்மை பரவிய காலத்தில் அரசனுக்கும் தொக்-இம்முக்கும் பிறந்த மகன் போய்விடுகிறான். வரலாற்றிலும் அப்படித்தான்: 1782இல் பிறந்து 1784இல் பட்டத்துக்குரியவனாக அறிவிக்கப்பட்ட இளவரசன் முன்ஹ்யோ, 1786இல் நான்கு வயது நிரம்பும் முன்பே தட்டம்மையில் இறந்தான். 1784இல் பிறந்த பெண்குழந்தை சில மாதங்களே இருந்தது. மகன் இறந்த அதே 1786ஆம் ஆண்டின் இறுதிக்குள், மறுபடியும் நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்த நிலையில், தொக்-இம்மும் இறந்தாள். தொடர் இவற்றை நீட்டி முழக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்துப் படுத்த படுக்கையாகக் கிடப்பவளிடம் அரசன் வந்து, அவள் அரசனின் துணைவி என்பதையும் அதற்குரிய கடமையையும் நினைவுபடுத்துகிறான். தகப்பனான அவனும் துயரத்தில்தான் இருக்கிறான். ஆனால் அவனுக்கு ஒதுங்கிக்கொள்ள ஓர் அரியணை இருக்கிறது, அலுவல் இருக்கிறது. அவளுக்கு என்ன இருக்கிறது? அரசனாக நடிக்கும் லீ ஜுன்-ஹோ இந்த இடத்தில் குரலை உயர்த்தாமல் பேசுவது காட்சியை இன்னும் கொடுமையாக்கிவிடுகிறது. அவன் சொல்வதில் குற்றம் காணவும் முடியவில்லை, கேட்டுக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

இனி அந்த மரணப்படுக்கை. தொக்-இம் தோழியரை அழைக்கச் சொன்னதும், அரசனின் முகத்தில் முதலில் தெரிவது துயரத்தைவிடப் பொறாமைதான் என்று எனக்குத் தோன்றியது. தான் பக்கத்தில் இருக்கும்போது அவர்களைத் தேடுகிறாளே என்று அவன் பொருமுகிறான். அதற்கு அவள் சொல்லும் மறுமொழி எளிமையானது: அவனுக்குக் காத்துக்கொள்ள வேண்டியவை பல இருக்கின்றன, அவன் எப்படியும் தேறிவிடுவான்; அவளுடைய தோழியர் அப்படியல்லர். இதை நான் படித்துக் காட்டி முடித்தபோது, அரசனை ஏன் கேட்கவில்லை என்று என் சின்னம்மா மகள் குறைப்பட்டாள். அதற்கு ஆயா, “புருசன்தான் பக்கத்துலயே உக்காந்திருக்காரே ஆத்தா, அவரை எதுக்குக் கூப்பிடணும்? இல்லாதவுகளைத்தான கூப்பிடணும்?” என்றார்கள். அதற்கு மேல் அந்தக் காட்சியில் விளக்க எதுவும் இருப்பதாக ஆயா நினைக்கவில்லை.

ஆயாவுக்கு அது அத்தனை எளிதாக விளங்கியதற்கு எங்கள் பக்கத்து வாழ்க்கையே காரணம் என்று நினைக்கிறேன். ஆயாவின் தலைமுறைக்கு முந்திய ஆச்சிமார், கணவனைப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் அனுப்பிவிட்டு இங்கே குடும்பம் நடத்தியவர்கள். கடைப்பொறுப்பேற்றுப் போகிறவருக்கு மூன்றாண்டு ஒரு கணக்கு. கணக்கை முடித்து ஊர் திரும்பிச் சில காலம் இருந்துவிட்டு மறுபடி கப்பலேறுவார். வீட்டின் முன்பகுதியிலுள்ள முகப்பும் பட்டாலையும் ஆண்களுக்காகக் கட்டியவை; அவர்கள் இல்லாத ஆண்டுகளில் வீட்டின் உயிர் பெண்கள் புழங்கும் இரண்டாம் கட்டுப் பகுதியில்தான் இருந்தது. மணமான ஒவ்வொரு மகனையும் வேறு வைத்துவிடுவதால், ஒரே கூரையின் கீழ் ஓரகத்திமார் தனித்தனியே உலை வைப்பார்கள். நடுமுற்றமாகிய வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஆளுக்கொன்று, அதன் சாவி அவரவர் இடுப்பில். உலை தனி என்றாலும் பேச்சு பொது. வற்றல் காயவைப்பதும் கூடை பின்னுவதும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் மாற்றி மாற்றி விழித்திருப்பதும் அந்தப் பெண்களே. ரங்கூனிலிருந்து வரும் கடிதத்தில் அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் காய்ச்சல் கண்ட இரவில் கடிதமா வந்து உட்காரும்? அப்படி வாழ்ந்தவர்களின் மகளுக்கு, சாகும்போது ஒருத்தி கூட்டாளிகளைக் கேட்டாள் என்பது கணவன்மீதுள்ள வெறுப்பாகத் தெரியாது. அவள் நாள்கள் கழிந்தது அவர்களோடு. அவர்களிடம்தான் அவள் விடைபெற வேண்டும்.

நான் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வேன். நால்வரில் ஒருத்தி அரசனுடைய சட்டத்தால் முன்பே போய்விட்டாள். ஆகையால் தொக்-இம் அழைக்கச் சொன்ன இருவர், எஞ்சியிருந்த இருவர். அதை அரசனிடமே அவள் கேட்க வேண்டியிருந்தது என்பதில் இருக்கும் கூர்மையைத் தொடர் எங்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்காக எழுதியவரையும் இயக்கியவரையும் பாராட்ட வேண்டும்.

தோழியர் வருவதற்குள் காலம் முடிந்துவிடும் என்ற நிலையில், அவள் அரசனிடம் மற்றொன்றையும் வேண்டுகிறாள். அடுத்த பிறவியில் என்னைக் காண நேர்ந்தாலும் அறியாதவர்போலக் கடந்து சென்றுவிடுங்கள் என்கிறாள். அவன் உடைந்துபோய், என்மீது உனக்குத் துளியும் அன்பில்லையா என்று கேட்கிறான். உண்மையிலேயே வெறுத்திருந்தால் எப்படியாவது தப்பி ஓடியிருப்பேன். உங்கள் பக்கத்தில் இருந்தது இறுதியில் என் விருப்பம்தான், இது இன்னுமா தெரியவில்லை என்ற பொருளில் அவள் பதில் சொல்கிறாள். இந்த இரண்டு பேச்சுகளையும் பிரித்து எடுத்துக்கொண்டால் இரண்டு வேறு பெண்கள் கிடைப்பார்கள். என் சின்னம்மா மகள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு, “பாத்தியா, ஆசை இருந்துச்சு” என்றாள். நானோ இரண்டும் ஒரே மூச்சில் ஒருத்தி சொன்னவை என்பதை விட மாட்டேன். உங்களை விரும்பினேன், ஆனால் இந்த வாழ்வை மறுபடி எடுக்க எனக்கு விருப்பமில்லை என்பது முரண்பாடே இல்லை. ஏழேழு பிறவிக்கும் நீயே துணை என்று வரம் கேட்கும் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த நமக்குத்தான் அது முரண்பாடாகத் தெரிகிறது.

இங்கே வரலாற்றைச் சற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த மறுப்பு கதாசிரியரின் கற்பனை அன்று. தொக்-இம் உண்மையாக வாழ்ந்தவள். 1753இல் பிறந்து, சாதோவின் மனைவியும் ஜோங்ஜோவின் தாயுமான ஹேக்யோங் அம்மையாரின் கண்காணிப்பில் அரண்மனையில் வளர்ந்தவள். 1773இல் அரசகுமாரிகளோடு சேர்ந்து நெடுங்கதை ஒன்றைப் படியெடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. 1766இல் யி சான் முதன்முதலாகத் தன் விருப்பத்தைத் தெரிவித்தபோது, பட்டத்து இளவரசிக்கு இன்னும் பிள்ளை பிறக்காத நிலையில் தான் அதற்குத் துணியமாட்டேன் என்று அழுது மறுத்தாள். பதினைந்து ஆண்டுகள் கழித்து அரசனாக அவர் மறுபடி கேட்டபோதும் மறுத்தாள். அவளுடைய பணியாளைத் தண்டித்த பிறகே இணங்கினாள். இவ்வளவும் நமக்குத் தெரிவது எதனால்? அவள் இறந்தபின் ஜோங்ஜோ தாமே எழுதிய கல்லறை வாசகத்தால். மறுக்கப்பட்டவரே அந்த மறுப்பை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். நாட்டின் அரசர், தன்னை ஒரு பணிப்பெண் இருமுறை வேண்டாம் என்றாள் என்பதையும், தாம் எப்படி அவளை வழிக்குக் கொண்டுவந்தார் என்பதையும் அவள் கல்லறைக்காகவே எழுதுவதற்கு ஒரு நேர்மை வேண்டும். அதற்காக அவரை மதிக்கிறேன். ஆயினும் பணியாளைத் தண்டித்த அந்த வரி, தொடரில் வரும் மென்மையான அரசனைப் பார்க்கும்போதெல்லாம் என் நினைவில் குறுக்கே வந்து நிற்கிறது.

அவளைப் பற்றி அவர் எழுதியது இருக்கிறது. அவரைப் பற்றி அவள் எழுதியது ஒன்றும் நம் கைக்கு வரவில்லை. எழுதத் தெரிந்தவள், பிறர் கதைகளை அழகிய கையெழுத்தில் படியெடுத்தவள், தன் மனத்தை மட்டும் விட்டுவைக்கவில்லை. எங்கள் வீட்டிலும் ஆயாவின் அப்பத்தாளைப் பற்றித் தெரிந்துகொள்ள இருப்பது அவர் கொண்டுவந்த சீர்ச் சாமான்களின் சிட்டை ஒன்றும், கணவர் அவருக்கு எழுதிய கடிதங்கள் சிலவும்தாம். அண்டா எத்தனை, குத்துவிளக்கு எத்தனை என்று சிட்டை துல்லியமாகச் சொல்கிறது. அவர் எழுதிய பதில் கடிதங்கள் கடல் கடந்து போயின, திரும்பவில்லை. ஆகவே இந்தத் தொடர் செய்திருக்கும் வேலையை, ஒரு பக்கத்துக் கடிதங்களை வைத்துக்கொண்டு மறுபக்கத்தை ஊகித்து எழுதும் வேலையை, நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஊகிக்கும்போதும், அவள் வாயில் ‘உங்களைக் காதலித்தேன்’ என்னும் நேர்ச்சொல்லைத் திணிக்காமல் விட்டிருப்பதுதான் இந்தத் தொடரின் நாகரிகம்.

அவள் இறப்போடு பகுதி முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை, நெடுநேரம் தொடர்கிறது. அரசன் அலுவல்களில் மூழ்குகிறான், புதிய துணைவி வருகிறாள், வாரிசு பிறக்கிறது. ஆண்டுகள் கடந்த பின் தொக்-இம்மின் உடைமைகள் அவன் கைக்கு வருகின்றன. சிவப்புக் கைமுனை வைத்த அவளுடைய பழைய பணிப்பெண் உடையை எடுத்து விரிக்கிறான். அது அவ்வளவு சிறியது. இத்தனை சிறிய உருவமா அவள் என்று வியந்து அவன் அழும்போதுதான் எனக்கு அவன்மீது முதன்முதலாக இரக்கம் வந்தது. அவளோடு வாழ்ந்த காலமெல்லாம் அவள் அளவை அவன் அறியவில்லை; வெறும் துணி வந்து காட்ட வேண்டியிருக்கிறது. இந்தப் பகுதியின் மிகச் சிறந்த காட்சி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

வரலாற்றில் இந்த இடைவெளியில் நடந்த ஒன்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கலாம் என்று எனக்கு ஆசை. 1795இல் தாயாரின் அறுபதாம் ஆண்டு நிறைவுக்காக ஜோங்ஜோ அவரைச் சுவோன் நகருக்குப் பெரும் ஊர்வலமாக அழைத்துப் போனார். சாதோவும் உயிரோடிருந்தால் அவருக்கும் அதே ஆண்டு அறுபது. ஆண்டுகளை அறுபதறுபதாக எண்ணுவது அவர்களுக்கும் உண்டு, நமக்கும் உண்டு. அறுபதாம் கல்யாணத்துக்கு ஊரையே கூட்டும் எங்கள் பக்கத்து ஆள்களுக்கு, கணவனை மரப்பெட்டியில் பறிகொடுத்த ஒரு பெண் தனியே அமர்ந்து கொண்டாடிய அந்த அறுபது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லாமலே விளங்கும்.

கடைசிக் கனவுக்கு வருகிறேன். மரணத்தை நெருங்கிய அரசன் கண்ணயர்ந்து விழிக்கும்போது இளமை திரும்பியிருக்கிறது, தொக்-இம் அருகில் இருக்கிறாள். நல்ல அரசனாக, திரும்பிச் செல்ல வேண்டிய இடத்துக்குச் செல்லுங்கள் என்று அவள் சொல்ல, இது கனவாயினும் சாவாயினும் இந்த நொடியையே தேர்ந்துகொள்வேன் என்று அவன் மறுத்துவிடுகிறான், தன்னை நேசிக்கும்படி கெஞ்சுகிறான், அவள் முத்தமிடுகிறாள். பார்ப்பவர்களை அழவைக்கும் காட்சிதான், நானும் அழுதேன். ஆனால் இதையே அவளுடைய பதில் என்று எடுத்துக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். கனவு அவனுடையது. கல்லறை வாசகத்தை அவர் எழுதியதுபோலவே கனவையும் அவன்தான் எழுதுகிறான். அவள் தன் நினைவோடு சொன்ன கடைசிச் சொல், கடந்து சென்றுவிடுங்கள் என்பது. அரசனுக்கு அது தாங்காது, பார்வையாளருக்கும் தாங்காது; அதனால் ஒரு முத்தம் சேர்த்திருக்கிறார்கள்.

நிகழ்ந்த வரலாறு அந்த அளவுக்குக் கூட இரங்கவில்லை. தொக்-இம்மை மகன் முன்ஹ்யோவின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்யச் சொன்னார் ஜோங்ஜோ. தலைநகர் சியோலில் இன்று ஹ்யோசாங் பூங்கா இருக்கும் இடம் அது. கொரியாவை ஆண்ட ஜப்பானியர் 1944இல் அந்தக் கல்லறைகளைப் பெயர்த்துக் கோயாங்கிலுள்ள அரச கல்லறை வளாகத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தாயும் மகனும் தனித்தனி இடத்தில் இருக்கிறார்கள். அதே ஜப்பானியப் படை 1942இல் ரங்கூனைப் பிடித்தபோதுதான் எங்கள் ஊர் ஆண்கள் கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்தார்கள் என்பதை ஆயாவிடம் சொன்னால் இன்னொரு கதை தொடங்கிவிடும் என்று சொல்லாமல் விட்டேன்.

இந்தப் பகுதியின்மேல் எனக்கிருக்கும் ஒரே குறை க்யோங்-ஹீ. நால்வரில் எஞ்சி, உயர்ந்து, பணிப்பெண்கள் அனைவருக்கும் தலைவியாகிவிட்ட அவள், முதுமை எட்டிப்பார்க்கும் முகத்தோடு அரசன்முன் நின்று பேசும் ஒரு காட்சி இருக்கிறது. அரசனுடைய துயரத்துக்கு நெடுநேரம் ஒதுக்கியவர்கள் இவளுக்குத் தந்தது சில நிமிடங்கள். போக்-யோன் உட்பட மூன்று தோழியரையும் இழந்தபின் அந்த அரண்மனையில் இவள் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள், யாரிடம் கோபித்துக்கொண்டாள் என்பதைக் காட்ட யாருக்கும் தோன்றவில்லை. அரசனுக்கு நாடாவது இருந்தது. மறுநாள் ஆயா அந்தப் பகுதியை மறுபடி போடச் சொன்னார்கள். க்யோங்-ஹீ பேசி முடிக்கும்வரை பார்த்துவிட்டு, அரசன் கண்ணயரும் இடம் வந்ததும், போதும் நிறுத்து என்று சொல்லிவிட்டார்கள்.